கரண்ட் பில்லில் தொடங்கிய காற்றாலை - ஓடந்துறை ஊராட்சியின் கதை

கார்பன் வெளியேற்றத்தைக் குறைப்பது என்றாலே பெரிய பெரிய நாடுகளின் தலைவர்கள் கோட் சூட் போட்டுக்கொண்டு மாநாடு நடத்துவதுதான் நினைவுக்கு வரும். கியோட்டோ, கோபன்ஹேகன், பாரிஸ் என்று ஊர்ப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வரிசையில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓடந்துறையின் பெயரை யாரும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் 2006லேயே ஒரு கிராம ஊராட்சி வங்கியில் கடன் வாங்கி சொந்தமாகக் காற்றாலை போட்டது என்றால் அது இங்கேதான், நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் நடந்தது.

இந்தக் கதையை நேராக 2006ல் ஆரம்பித்தால் பாதிதான் புரியும். கொங்கு நாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு கொஞ்சம் பழையது. அதிலிருந்தே வருவோம்.

1888ல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் வளர்ச்சி மெதுவாகத்தான் இருந்தது. 1932ல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பித்த பிறகுதான் வேகம் பிடித்தது. மலையிலிருந்து விழுந்த தண்ணீர் கம்பி வழியாக சமவெளிக்கு வந்து மில்களின் கதிர்களைச் சுற்றியது. 1930களில் கோவையைச் சுற்றி மில்கள் வரிசையாக முளைத்தன. விவசாயிகளும் கமலை மாட்டை விட்டுவிட்டு கிணற்றில் மோட்டார் வைத்தார்கள். பம்பு செட் செய்யும் பட்டறைகளும் இங்கேயே வளர்ந்தன. இன்றைய பாஷையில் சொன்னால் கோவையின் தொழில் வளர்ச்சி ஆரம்பித்ததே 'பசுமை' மின்சாரத்தில்தான்! அப்போது யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 1962ல் நெய்வேலி அனல்மின் நிலையம் வந்தது, அதன் பிறகு எண்ணூர், தூத்துக்குடி என்று நிலக்கரி புகை கொஞ்சம் கொஞ்சமாக நம் வயர்களுக்குள் கலந்தது.

மின்சாரத்தை நம்பி விவசாயம் செய்ய ஆரம்பித்ததும் மின்கட்டணம் ஒரு அரசியல் பிரச்சினை ஆனது. 1970ல் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் மூன்று பேர் இறந்தார்கள். 1972ல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரச் சாலைகளை அடைத்தார்கள். கடைசியில் 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானது. அது சரியா தவறா என்பது தனியாக ஒரு கட்டுரைக்கான விஷயம் (நிலத்தடி நீர் எங்கே போனது என்ற கேள்வியையும் சேர்த்து). இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தப் பகுதியில் 'கரண்ட் பில்' என்பது சாதாரண வார்த்தை இல்லை, அதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் விவசாயிக்கு இலவசம் ஆனதே தவிர ஊராட்சிக்கு ஆகவில்லை. தெருவிளக்கு எரிந்தாலும், மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடினாலும் மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும். ஓடந்துறைக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஓடந்துறை மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் வழியில், மலை அடிவாரத்தில், பவானி ஆற்றை ஒட்டிய ஊராட்சி. காரமடை ஒன்றியத்தில் வருகிறது. பல சின்னச் சின்ன ஊர்கள் சேர்ந்தது. இருளர் குடியிருப்புகளும் உண்டு. 73வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 1994ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் ஆர். சண்முகம் என்பவர் ஓடந்துறையின் தலைவர் ஆனார். 2006 வரை பத்து ஆண்டுகள், அதாவது இரண்டு முறை, அந்தப் பதவியில் இருந்தார்.

அவர் காற்றாலைக் கனவோடு பதவிக்கு வந்தவர் இல்லை. முதல் பிரச்சினை குடிநீர். ஆற்றங்கரையில் இருந்தும் எல்லா ஊர்களுக்கும் நல்ல தண்ணீர் இல்லை. 1990களின் கடைசியில் மத்திய அரசு கிராமக் குடிநீர்த் திட்டங்களில் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. திட்டச் செலவில் 10 சதவீதத்தை ஊர் மக்கள் போட வேண்டும், முடிந்த பிறகு பராமரிப்பையும் ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலகட்டத்தில்தான் ஓடந்துறையும் பவானித் தண்ணீரை சுத்திகரித்து வீடுகளுக்குக் கொடுக்கும் திட்டத்தை நிறைவேற்றியது. தண்ணீர் வந்தது. கூடவே பில்லும் வந்தது! மாதம் சில ஆயிரமாக இருந்த ஊராட்சியின் மின்கட்டணம் ஐம்பதாயிரம் ரூபாய் அளவுக்கு ஏறியது. தண்ணீரை மேலே ஏற்ற ஏற்ற கஜானா கீழே இறங்கியது. பில் கட்ட முடியாமல் மோட்டாரை நிறுத்தினால் மக்கள் மறுபடியும் குடத்தோடு அலைய வேண்டும்.

எனவே ஓடந்துறையில் எல்லாம் தொடங்கியது செலவுக் கணக்கில்தான். புவி வெப்பமயமாதலைப் பற்றி அங்கே யாரும் வகுப்பு எடுக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உண்மையில் இதுதான் இந்தக் கதையின் பலம் என்று தோன்றுகிறது.

முதலில் செய்தது சின்ன சின்ன சோதனைகள். இரண்டு ஊர்களில் சூரிய ஒளித் தெருவிளக்குகள் போட்டார்கள். அப்போது சோலார் தகடுகளின் விலை இன்றைக்கு இருப்பதைப்போல பல மடங்கு. எல்லாத் தெருவுக்கும் போட ஊராட்சியால் முடியாது. பிறகு மரக்கழிவில் இருந்து எரிவாயு எடுத்து இன்ஜின் ஓட்டும் முறையைப் பார்க்க சண்முகம் குஜராத்தின் பரோடாவுக்குப் போய்வந்தார். 2003ல் 9 கிலோவாட் திறனுள்ள அப்படியொரு இயந்திரத்தை ஊராட்சி அமைத்தது. விறகுத் துண்டுகளைப் போதுமான காற்று இல்லாமல் அரைகுறையாக எரித்தால் ஒரு வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசி நீக்கி இன்ஜினுக்குள் விட்டால் அது டீசல்போல வேலை செய்யும். மேட்டுப்பாளையம் மர வியாபாரத்துக்குப் பேர் போன ஊர் என்பதால் கழிவுக்குப் பஞ்சமில்லை. அந்த மின்சாரத்தில் தண்ணீர் மோட்டாரை ஓட்டினார்கள். செலவு கணிசமாகக் குறைந்தது.

ஆனால் இந்த மாதிரி இயந்திரங்களுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. குப்பையாக இருக்கும்வரைதான் மரக்கழிவு சும்மா கிடைக்கும். அதை வாங்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அதற்கும் விலை வந்துவிடும். தேவை, அளிப்பு பற்றிய முதல் பாடமே இதுதானே. தவிர, 9 கிலோவாட் ஒரு மோட்டாருக்குப் போதும், ஊருக்குப் போதாது.

அப்போதுதான் காற்று.

இங்கே கொங்கு நாட்டின் பூகோளத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அதில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து பல்லடம், பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் வீசித் தள்ளும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், ஜன்னலை மூடாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை 1986ல் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1980களின் பிற்பகுதியில் டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறு, முப்பந்தல் பக்கம் வந்தது. பிறகு கணவாய்க் காற்றைத் தேடி உடுமலை, பல்லடம் பக்கமும் வந்தது.

அந்தக் காற்றாலைகளை யார் போட்டார்கள்? பெரும்பாலும் நம் ஊர் மில்காரர்களும் ஏற்றுமதியாளர்களும்தான். காரணம் காற்று மட்டும் இல்லை, வருமான வரியும்கூட. காற்றாலை வாங்கினால் முதல் ஆண்டிலேயே அதன் விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் (அதற்கு முன் ஒரு காலத்தில் 100 சதவீதமே கழிக்கலாம்). லாபம் அதிகமாக வந்த ஆண்டில் ஒரு காற்றாலை வாங்கிவிட்டால் வரி குறையும், மில்லுக்கும் சொந்த கரண்ட் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இந்தச் சலுகை 2012ல் நிறுத்தப்பட்டு, 2014ல் திரும்ப வந்து, 2017ல் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

ஊராட்சிக்கு இந்தச் சலுகையால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. வரி கட்டுபவருக்குத்தானே வரிச் சலுகை! ஊராட்சி ஒரு உள்ளாட்சி அமைப்பு. 1961ன் வருமான வரிச் சட்டம் பிரிவு 10(20)ன்படி அதன் வருமானத்துக்கு விலக்கு உண்டு. அந்தப் பிரிவைப் படித்தால் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு வேறு வியாபாரம் செய்தால் சொந்த எல்லைக்குள் செய்யும்வரைதான் விலக்கு. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் மட்டும் எல்லைக்கு வெளியே கொடுத்தாலும் விலக்கு உண்டு. ஓடந்துறையில் காற்று போதாது. அதனால் ஊராட்சி இடம் தேடியது சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடியில். அதாவது சொந்த எல்லைக்கு ரொம்ப ரொம்ப வெளியே. அந்தப் பிரிவை எழுதியவர்கள் ஓடந்துறையை நினைத்து எழுதியிருக்க முடியாது, ஆனாலும் சரியாகப் பொருந்துகிறது.

2006ல் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்று நிறுவப்பட்டது. மொத்தச் செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

இந்த 40 லட்சத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். இதே 1.55 கோடி காற்றாலையை அதே ஆண்டில் ஒரு மில் வாங்கியிருந்தால் 80 சதவீதத் தேய்மானம் 1 கோடியே 24 லட்சம். அப்போதைய கம்பெனி வரி விகிதம் கூடுதல் கட்டணங்களோடு சேர்த்து 33.66 சதவீதம். ஆக முதல் ஆண்டில் சுமார் 41 லட்சம் வரி மிச்சம் (பின்னால் வரும் ஆண்டுகளில் கழிக்க வேண்டியதை முன்னாலேயே கழிக்கிறார்கள் என்றாலும் கையில் பணம் இன்றைக்கே நிற்கிறது). அதாவது மில்லுக்கு அரசாங்கம் முதல் ஆண்டிலேயே கையில் கொடுக்கும் அளவு தொகையை ஓடந்துறை மக்கள் தங்கள் வீட்டு வரியிலும் தண்ணீர்க் கட்டணத்திலும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். காற்றாலைக் கொள்கையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இரண்டு நாற்பது லட்சங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சரி, காற்றாலை எவ்வளவு கொடுத்தது? ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் என்பது கணக்கு. 350 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க நிற்காமல் முழுவேகத்தில் சுற்றினால் 30 லட்சத்து 66 ஆயிரம் யூனிட் வர வேண்டும். அதில் இது 22 சதவீதம். காற்றாலைக்கு இது நியாயமான அளவுதான், ஏனென்றால் மார்கழியில் காற்று அடிக்காது. ஆனால் மார்கழியிலும் தண்ணீர் வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும். எனவே காற்றாலை மின்சாரம் நேரடியாக ஓடந்துறைக்கு வரவில்லை. மின்வாரியத்தின் கிரிட்டுக்குப் போனது, ஊராட்சிக்குப் பணம் வந்தது. யூனிட் 2 ரூபாய் 90 காசு என்று வைத்தால் ஆண்டுக்குப் பத்தொன்பது லட்சத்துக்கு மேல். ஊராட்சியின் சொந்தத் தேவை சுமார் நாலரை லட்சம் யூனிட். ஊருக்குப் போக இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் மிச்சம் என்று பத்திரிகைகள் எழுதியது இந்தக் கணக்கைத்தான்.

கார்பன் கணக்கையும் போட்டுவிடலாம். இந்திய கிரிட்டில் ஒரு யூனிட் மின்சாரம் சராசரியாக 0.7 முதல் 0.8 கிலோ வரை கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. 6.75 லட்சம் யூனிட் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 டன். ஒரு பெரிய அனல்மின் நிலையத்தின் முன்னால் இது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் ஒரு கிராமத்துக்கு? தான் எரிக்கும் தெருவிளக்குக்கும் ஓட்டும் மோட்டாருக்கும் ஆன மொத்தப் புகையையும் ஈடுகட்டி, மேலேயும் கொடுத்தது. இன்றைக்கு கோடி கோடியாகச் செலவு செய்து 'நெட் ஜீரோ' என்று விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகள் பல இருக்கின்றன. ஓடந்துறையோ ஒரு காற்றாலையை வைத்துத் தன் பொதுச் செலவு மின்சாரத்தில் அதைத் தாண்டியது.

இதற்குப் பிறகு ஓடந்துறை பிரபலமானது. உலக வங்கி அதிகாரிகள் வந்தார்கள், வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள், மற்ற மாநில ஊராட்சித் தலைவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வீடில்லாதவர்களுக்கு சோலார் விளக்கோடு வீடுகளும் கட்டப்பட்டன. 2011ல் தமிழக அரசு மாநிலம் முழுவதற்கும் முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், அதில் 30 ஆயிரம் சோலார் விளக்குகளுக்கு.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் திரும்பிப் போய் எத்தனை ஊராட்சி காற்றாலை போட்டது? தமிழ்நாட்டில் சுமார் 12 ஆயிரத்து 500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கொங்கு மாவட்டங்களிலேயே காற்று அடிக்கும் இடத்திலேயே இருக்கும் ஊராட்சிகள் எத்தனையோ! அவற்றின் எல்லைக்குள் மில்காரர்களின் காற்றாலைகள் சுற்றுகின்றன, ஊராட்சியோ கரண்ட் பில்லை மின்வாரியத்துக்குக் கட்டுகிறது. ஓடந்துறை ஒரு வழியாகப் பரவாமல் ஒரு சுற்றுலாத் தலமாக நின்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். கணக்கைப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. 1.55 கோடி முதலீடு, ஆண்டுக்கு 19 லட்சத்துச் சொச்சம் வருமானம். வட்டியே இல்லை என்று வைத்தாலும் போட்ட பணம் திரும்ப எட்டு ஆண்டு ஆகும். ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கும் கடனை அடுத்து வருபவர் அடைக்க வேண்டும். அடுத்து வருபவர் எதிர்க்கோஷ்டியாக இருந்தால் முதல் காரியமாக 'போன ஆளு ஊரைக் கடன்காரனாக்கிட்டான்' என்றுதான் ஆரம்பிப்பார். ஓடந்துறையில் அப்படி நடக்கவில்லை. சண்முகம் பத்து ஆண்டு இருந்தார், பின்னாளில் அவர் மனைவி லிங்கம்மாளும் தலைவராக இருந்தார். ஒரே குடும்பம் என்று விமர்சிக்கலாம். விமர்சிக்க வேண்டியதும்கூட. ஆனால் கடன் ஒழுங்காக அடைபட்டதற்கு அந்தத் தொடர்ச்சி ஒரு காரணம் என்பதையும் மறுக்க முடியாது. அந்தத் தொடர்ச்சியை ஆளை நம்பாமல் சட்டத்தின் மூலம் கொடுக்க முடியுமா என்பதுதான் யாரும் பதில் தேடாத கேள்வி.

டென்மார்க்கில் வேறு ஒரு வழியில் பதில் தேடினார்கள். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் 2000ல் 20 காற்றாலைகள் நிறுவப்பட்டன. மொத்தம் 40 மெகாவாட். அதில் பாதி நகரத்தின் மின் நிறுவனத்துக்குச் சொந்தம். மறு பாதி ஒரு கூட்டுறவு சங்கத்துக்கு. அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பங்கு வாங்கியிருந்தார்கள். மேயர் மாறினாலும் பங்குதாரர் மாறமாட்டார், அதனால் கடனும் அனாதை ஆகாது. கூட்டுறவு என்ற வார்த்தை கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. பால் கூட்டுறவு, கைத்தறி நெசவாளர் கூட்டுறவு, கடன் சங்கம் என்று ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆனால் காற்றாலைக்கு என்று அப்படி ஒன்று இங்கே வேர் பிடிக்கவில்லை.

பக்கத்தில் கேரளத்தில், வயநாட்டின் மீனங்காடி ஊராட்சி 2016ல் கார்பன் சமநிலை என்ற இலக்கை வெளிப்படையாக அறிவித்து ஆரம்பித்தது. மரம் நட்ட விவசாயிக்கு, அந்த மரத்தை வெட்டாமல் வைத்திருந்தால், ஆண்டுக்கு ஒரு மரத்துக்கு 50 ரூபாய் வீதம் வட்டியில்லாக் கடன். மரத்தை அடகு வைத்துப் பணம் வாங்குவதுபோல! வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். ஓடந்துறை பில்லில் ஆரம்பித்துக் கார்பனுக்கு வந்தது, மீனங்காடி கார்பனில் ஆரம்பித்து விவசாயியின் பாக்கெட்டுக்கு வந்தது. எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் நடுவில் ஒரு நம்பகமான கணக்குப் புத்தகம் தேவைப்படுகிறது.

கோவை மாநகராட்சி பக்கம் பார்த்தால், உக்கடம் பெரியகுளத்தில் சுவிட்சர்லாந்து உதவியோடு 154 கிலோவாட் மிதக்கும் சோலார் தகடுகள் அமைக்கப்பட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் குளத்தைச் சுற்றி நடைப்பயிற்சி போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மின்சாரம் தன்னுடையது என்று தோன்றும்? ஓடந்துறையில் தோன்றியது, ஏனென்றால் 40 லட்சம் அவர்களுடையது.

ஊராட்சிகளின் நிலைமையைச் சொல்லி முடிக்கலாம். 2016 அக்டோபரில் தமிழகத்தில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் கையில்தான் ஊராட்சிகள் இருந்தன. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, கோவை உட்பட 28 மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் தெருவிளக்கு பல்பு மாற்றலாம், மோட்டார் ரிப்பேர் பார்க்கலாம். எட்டு வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போட மாட்டார். மைவாடி அதற்குள் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, 2009ல் மாவட்டம் பிரித்தபோது. ஆக, ஓடந்துறை காற்றாலை போட்ட இடம் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறது.